எதிர்வரிசையின் காது

திருப்பதி, ரேணிகுண்டா வட்டாரத்தில் ஒரு செக்க பஜனைக் குழுவின் ஆட்டத்தை மதிப்பிட வேண்டுமென்றால், பாடுகிறவரின் குரலிலிருந்து தொடங்கக் கூடாது. கட்டை விழும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இருபது பேர் கையிலும் கட்டை இருக்கிறது. இருபதும் சேர்ந்து ஒரே ‘டக்’ என்று விழுந்தால் அது குழு. ‘சடசட’வென்று சிதறினால், பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அங்கே ஆடுவது இருபது தனி ஆட்கள். அந்த ஒரு ‘டக்’கை உருவாக்குவதில் குருவுக்குப் பாதிப் பங்குதான். மறுபாதி, எதிரே நிற்கும் வரிசையின் காதுக்கு.

நம் பஜனை மடங்களில் புழங்கும் சப்ளாக்கட்டையேதான் செக்க பஜனையின் கட்டை. ராயலசீமைக் கிராமங்களில் அதைக் கையில் பிடிப்பவர்கள் முழுநேரக் கலைஞர்கள் அல்ல. பகலில் நிலத்திலோ கடையிலோ கூலி வேலையிலோ இருந்துவிட்டு, இரவில் ராமர் கோயில் முன்னால் கூடிப் பழகுகிறவர்கள். குரு நடுவில் நின்று அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடி, கட்டை தட்டி, சலங்கைக் காலால் அடி வைத்து, வரிசையாகவும் வட்டமாகவும் மாறி மாறி ஆடுவார்கள். ராமாயண, பாரதக் கதைகளும் கீர்த்தனைகளும் ஊர்ப் பாட்டுகளும் அதில் வரும்.

இவர்கள் ஆடும் களமும் எளிதானதல்ல. 1862இல் அரக்கோணத்திலிருந்து ரயில் பாதை வந்த ரேணிகுண்டா இன்று ஒரு சந்திப்பு ஊர். திருப்பதி விமான நிலையமும் அங்கேதான். ரயிலின் ஹாரனும் விமான இரைச்சலும் சாலைச் சத்தமும் ஓயாத இடம். இந்த வட்டாரக் குழுக்களின் பெரிய கனவு திருமலை. பிரம்மோற்சவத்தில் வாகனத்துக்கு முன்னால் மாட வீதியில் ஆடுவதும், தேவஸ்தானத்தின் தாச சாகித்யத் திட்டம் நடத்தும் மெட்லோத்சவத்தில் அலிபிரியிலிருந்து பாடிக்கொண்டே படியேறுவதும்தான் அவர்களுக்கு இறுதிப் போட்டி. அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். மூச்சு வாங்கும் ஏற்றத்திலும், ஆயிரக்கணக்கானோர் நிற்கும் தெருவிலும், திறந்த வெளியில் தெளிவாகக் கேட்கும் ஒலியை இவர்கள் கட்டியாக வேண்டும்.

அதை எப்படிக் கட்டுகிறார்கள்? அடியில் ஹார்மோனியம், விடாத சுருதி. அதன்மேல் மிருதங்கம் அல்லது டோலக், நடைக்கு எடை. மேலே கட்டை, காலத்தை வெட்டிக் காட்டும் கூர்மை. எல்லாவற்றையும் சுற்றிச் சலங்கை. இந்த நான்கில் தவறை மறைக்காதது கட்டை மட்டுமே. சலங்கை கொஞ்சம் முன்பின் விழுந்தாலும் கலகலப்பில் கரைந்துவிடும். ஹார்மோனியத்துக்கு நீட்டம் இருக்கிறது. மரம் மரத்தில் மோதும் சத்தமோ பிறந்த கணத்திலேயே முடிந்துவிடுகிறது. அதனால் ஒருவர் பிந்தினாலும் காதில் உறுத்தும்.

கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொன்று புரியும். இரண்டு மரத் துண்டுகள். ஒன்று கட்டைவிரலில், மற்றது பிற விரல்களில். பக்கத்தில் வெட்டிய துளைகளில் சிறு உலோகத் தகடுகள். இரண்டையும் மோதவிட்டு உடனே விரித்தால் தகடுகள் ஆடி, மரச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு ‘ஜல்’ நீளும். மோதிய இடத்திலேயே அழுத்திப் பிடித்தால் தகடு அடங்கி, வெறும் மரம் மட்டும் பேசும். பல்லவிக்குத் திறந்த அடி, கதை சொல்லும் இடத்தில் அழுத்திய அடி என்று ஒரு குழு முடிவெடுத்தால், கேட்கிறவருக்கு வார்த்தை தெளிவாக விழும். பல்லவி திரும்பும்போது தெருவே நிமிரும். ஒரு கருவிக்குள்ளேயே இரண்டு நிறம். காசு செலவில்லாத இந்த ஒலி வேலைப்பாட்டைப் பல குழுக்கள் கண்டுகொள்வதே இல்லை. முதல் அடியிலிருந்து முத்தாய்ப்பு வரை ஒரே முழு அடி. குழு களைத்துப் போகிறது, கேட்கிறவர் காதும் களைத்துப் போகிறது.

அடுத்தது இடைவெளி. வரிசைகள் எதிரெதிரே நிற்கும்போது நடுவில் எத்தனை அடி விடுவது என்பதை அனுபவத்தில் பழகிய குருமார்கள் கண்ணளவில் வைத்துவிடுகிறார்கள். அதற்கு ஓர் ஆய்வு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாஃபே குழுவினர், இரண்டு பேரைத் தனித்தனி அறையில் வைத்து ஒருவர் கைதட்டலை மற்றவருக்குச் சற்றுத் தாமதமாகக் கேட்கவிட்டுப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, தாமதம் விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்தால் இருவரும் ஓடத் தொடங்குகிறார்கள். நூற்றில் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை இருந்தால் தாளம் நிலையாக நிற்கிறது. அதற்கு மேல் போகப் போக இழுக்கிறது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் தாளம் நிற்கும் தூரம் ஏறக்குறைய மூன்றரை முதல் ஏழு மீட்டர். அது இருவரை வைத்துச் செய்த சோதனை. இருபது பேர் ஆடும் தெருவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கபடிக் களத்தில் பிடி போடுகிறவர்கள் இடைவெளி பார்த்து நிற்பதைப் போல, பஜனைக் குழுவும் நிற்கும் தூரத்தைத் திட்டமிட வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று.

இனி எதிர்வரிசையின் வேலைக்கு வருவோம். தன் கட்டை முந்துகிறதா, பிந்துகிறதா என்று தட்டுகிறவருக்குத் தெரியாது. கையின் அசைவும் காதின் சத்தமும் அவருக்கு ஒன்றாகவே படும். எதிரே நிற்பவருக்குத்தான் உண்மை தெரியும். ஆகவே ஒத்திகையில் மிகப் பயனுள்ள கணம், ஒரு வரிசை ஆட, மறு வரிசை கட்டையைத் தாழ்த்திவிட்டுக் கேட்கும் கணம். அப்போது என்ன சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. “நல்லா இருந்துச்சு” என்பது நல்ல மனசு. அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. “சுதி சேரல” என்பதும் அரைகுறை. “அண்ணே, ரெண்டாவது சரணம் எடுக்கும்போது உங்க மூலையில கட்டை முந்துது, திரும்புற அடியில கால் நிதானமானா சரியாயிடும்” என்பதுதான் விமர்சனம். இடம், ஆள், காரணம், மருந்து நான்கும் அதில் இருக்கின்றன. வயதில் சின்னவர் பெரியவரைப் பார்த்து இதைச் சொல்ல முடிகிற குழு, ஒரே மாதத்தில் வேறு குழுவாகிவிடும். மரியாதை என்ற பெயரில் வாயை மூடிக்கொள்ளும் குழு, குரு வராத நாளில் உடைந்துபோகும்.

உலகில் இந்த முறைக்குத் துணை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1844இல் வெளிவந்த ‘சேக்ரட் ஹார்ப்’ என்ற பாட்டுப் புத்தகத்தை வைத்து ஊர்மக்கள் கூடிப் பாடுகிறார்கள். நான்கு குரல் பிரிவினரும் சதுரமாக, உள்பக்கம் பார்த்து உட்காருவார்கள். பார்வையாளர் என்று தனியாக யாரும் தேவையில்லை. ஒவ்வொருவராக நடுவில் வந்து நின்று பாட்டை நடத்துவார்கள்; மொத்தக் குரலும் சேர்ந்து விழும் இடம் அந்த நடுதான். எல்லோரும் முறைவைத்து அங்கே நின்று கேட்டுவிடுவதால், தன் பிரிவு எங்கே அமுக்குகிறது, எங்கே அமுங்குகிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. நம் குழுக்களும் குருவின் இடத்தை ஒத்திகையில் ஆளுக்கொரு பாட்டாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

எதிர்வரிசையின் காதைக் கெடுப்பது இன்று ஒலிபெருக்கி. திருவிழா மேடையில் ஆளாளுக்கு மைக் கொடுத்து, குழாய் ஸ்பீக்கரை முப்பது மீட்டர் தள்ளி மரத்திலோ கம்பத்திலோ கட்டிவிடுகிறார்கள். குழாய் ஸ்பீக்கரில் அடிக்குரல் ஒலி வராது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போகும், ஜால்ராவும் கட்டையும் காதைக் கிழிக்கும். அதைவிடப் பெரிய சேதம், அந்தச் சத்தம் ஆடுகிறவர்களிடம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகத் திரும்பி வருவது. எதிர்வரிசையின் கட்டை ஒரு காலத்தில், ஸ்பீக்கரின் கட்டை இன்னொரு காலத்தில். எதைப் பிடிப்பது? பழகிய குழுவும் அங்கே இழுத்துவிடும். குருவுக்கும் ஹார்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் மட்டும் மைக் போதும். கட்டைக்கு மைக் வேண்டாம். அது தன் பலத்திலேயே தெருமுனை வரை போகும்.

கூட்டம் பெருகினாலும் இதே சிக்கல்தான். 2009 மே 10 அன்று செகந்திராபாத் பரேடு மைதானத்தில் லட்சத்துக்கும் அதிகமானோர், பாடகர் கரிமெல்ல பாலகிருஷ்ண பிரசாத் முன்னின்று பாட, அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடினார்கள். கின்னஸில் இடம்பெற்ற நிகழ்ச்சி அது. பக்தியின் அளவில் ஈடு சொல்ல முடியாதது. ஆனால் அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர் மற்றவரைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வழியில்லை. நூறு மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம் காதுக்கு வர விநாடியில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு ஆகும். எல்லோரும் மேடையை மட்டுமே பின்பற்ற முடியும். இருபது பேர் குழுவின் பலம் இருபதாக இருப்பதில்தான்.

இப்போது ஃபோனிலும் லேப்டாப்பிலும் தனியாக உட்கார்ந்து பாட்டு அமைக்கும் இளைஞர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. அவர்களிடம் ஆயிரம் ஒலிகள் இருக்கின்றன, எதிர்வரிசை இல்லை. ஹெட்ஃபோனில் பதினைந்து முறை கேட்ட பிறகு தன் பாட்டின் குறை தனக்குக் கேட்காது. முடிக்காத பாட்டை மூன்று பேரிடம் கொடுங்கள். ஒருவர் ஃபோன் ஸ்பீக்கரிலும் ஒருவர் ஆட்டோவிலும் ஒருவர் வீட்டு டிவியிலும் கேட்கட்டும். எந்த இடத்தில் கவனம் விலகியது என்பதை மட்டும் கேளுங்கள். பஜனைக் குழுக்கள் அதே ஃபோனைப் பார்வையாளர் நிற்கும் இடத்தில் வைத்து ஒத்திகையைப் பதிவு செய்து, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம். ஆளுக்கு ஒரு குறை, ஒரு யோசனை; அதற்கு மேல் வேண்டாம்.

போட்டி நடத்தும் கோயில் கமிட்டிகளுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேடயமும் சால்வையும் கொடுங்கள். கூடவே எந்த இடம் நன்றாக இருந்தது, எந்த இடம் சிதறியது என்று நடுவர் எழுதிய ஒரு தாளையும் ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள். குழுக்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் முறை முடிந்ததும் வேன் ஏறிவிடாதீர்கள். அடுத்த ஊர்க் குழு ஆடி முடிக்கும்வரை நின்று கேளுங்கள், கேட்டதை அவர்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். இந்தக் கலை வளர அதைவிடப் பெரிய பயிற்சி இல்லை.