லென்ஸுக்கு மார்க்

கேமரா லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது பரீட்சை ரிசல்ட்டை. ‘இதுக்கு 22 மார்க், அதுக்கு 24. அப்ப அதையே வாங்கிடலாம்.’ கொஞ்சம் பொறுங்கள். பரீட்சை எழுதியது யார்?

பெரும்பாலும் ஒரே ஒரு லென்ஸ். கம்பெனி கடனாகக் கொடுத்ததோ, கடையில் வாங்கியதோ, ஒன்றுதான். ஒரு ஜூம் லென்ஸுக்குள் பதினைந்து இருபது கண்ணாடிகள் இருக்கும். அதில் ஒன்று மயிரிழை சாய்ந்தாலும் படத்தின் இடது ஓரம் பளிச்சென்றும், வலது ஓரம் மசமசவென்றும் விழும்.

அமெரிக்காவில் ‘லென்ஸ்ரென்டல்ஸ்’ என்ற வாடகைக் கம்பெனியை ஆரம்பித்த ராஜர் சிகாலா அடிப்படையில் டாக்டர். வாடகைக்கு விட லென்ஸ்கள் குவிந்து கிடந்ததால், ஒரே மாடலில் பத்துப் பத்தாக எடுத்து ஆப்டிகல் பெஞ்ச்சில் வைத்து அளந்தார். சராசரியோடு ஏற்ற இறக்கத்தையும் வெளியிட்டார். ஒரே மாடல், ஒரே விலை, பத்தும் பத்து விதம்! இரண்டு மாடல்களுக்கு நடுவே உள்ள ரெண்டு மார்க் வித்தியாசம், ஒரே மாடலின் இரண்டு லென்ஸ்களுக்கு நடுவிலேயே இருக்கலாம்.

கேமராவில் மாட்டிச் சோதிக்கும்போது கேமராவுக்கும் சேர்த்துத்தான் மார்க். டிஎக்ஸ்ஓமார்க்கில் ஒரே லென்ஸுக்கு கேமராவுக்குக் கேமரா மார்க் மாறும். தவிர, அட்டையைச் சில மீட்டர் தள்ளி மாட்டிச் சோதிப்பார்கள். நீங்கள் எடுக்கப் போவதோ தூரத்து மலையை.

கம்பெனிகளே தரும் எம்.டி.எஃப். வரைபடம்? ஸைஸ் கம்பெனி நிஜ லென்ஸை அளந்து தருகிறது. பல கம்பெனிகள் டிஸைனை வைத்துக் கணக்குப் போட்டுத் தருபவை. ஜாதகம் மாதிரி. பிறந்த பிள்ளையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

அதற்காக டெஸ்ட் எல்லாம் குப்பை என்று சொல்லவில்லை. நாலு பேர் தனித்தனியாகச் சோதித்து ஒரே குறையைச் சொன்னால் நம்பலாம். அரை மார்க், ஒரு மார்க் சண்டையைத்தான் நம்ப வேண்டாம்.

வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ஸ்டாண்டில் கேமராவை மாட்டுங்கள். அபர்ச்சரை முழுசாகத் திறந்து, தூரத்துக் கடை போர்டு ஒன்றைப் படத்தின் நாலு மூலையிலும் வருகிற மாதிரி நாலு படம் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் போர்டின் மேலேயே ஃபோகஸ். நாலு மூலையும் ஏறக்குறைய ஒரே லட்சணத்தில் இருந்தால் பாஸ். ஒரு மூலை மட்டும் அழுது வடிந்தால், யார் எத்தனை மார்க் போட்டிருந்தாலும் மாற்றிக்கொண்டு வாருங்கள்.