மறியற்காரனும் கைதியும்

சிறைப்பட்டவனைக் குறிக்க நம் புனைகதையாசிரியர் பலர் 'கைதி' என்ற ஒரே சொல்லையே நாடுகின்றனர். கட்டு, விலங்கு எனப் பொருள்படும் அரபு மூலத்தினின்று பாரசீகம், இந்துஸ்தானி வழியாகத் தமிழில் வந்து சேர்ந்த சொல் அது. பிழையன்று; ஆயினும் யாழ்ப்பாணத்துத் தாயொருத்தியின் வாயில் அது இயல்பாக ஒலிப்பதில்லை. தமிழகத்தார்க்கு 'மறியல்' என்பது வழிமறித்து நடத்தும் போராட்டம். நமக்கோ சிறையே மறியல், சிறைப்பட்டவன் மறியற்காரன்.

'மாமியார் வீடு', 'கம்பி எண்ணுதல்' என்பன வெளியே நிற்போரின் ஏளனம். சிறை மீண்டவனும் தன்னை எள்ளி அவ்வாறு கூறக்கூடும்; பெற்றவள் கூறாள். "பொடியன் உள்ளுக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதில் வினைமுற்றும் இல்லை, குற்றத்தின் பெயரும் இல்லை. அந்த மௌனத்தைக் 'கைதி' எனப் பெயர்த்தெழுதும் ஆசிரியர் உரையாடலின் உயிரையே இழந்துவிடுகிறார்.

இது நடை பற்றிய குறை மாத்திரமன்று. 'விளக்கமறியல்' என்ற சட்டச்சொல், விளக்கம் இன்னும் முடியவில்லை என்பதைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டமோ வழக்கின்றியே 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 12 ஆகக் குறைத்தது. இவ்வாறு அடைபட்டவனும் தண்டனை பெற்ற திருடனும் ஊர்வாயில் ஒருங்கே மறியற்காரர். (பேச்சுவழக்கு அனைத்தும் உயர்ந்தது என நான் வாதிடவில்லை.) 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழருள் தீர்ப்பைக் காணாதோரும் இருந்தனர். அவர்களையும் வேறுபாடின்றிக் 'கைதிகள்' என்றே எழுதி வருகிறோம். வீட்டார் சொல்லியிருக்கக்கூடிய 'உள்ளுக்கு' என்ற சொல்லோ எவர்மீதும் தீர்ப்புக் கூறுவதில்லை.