சப்போட்டா மரத்துக் கீறல்கள்

குவாத்தமாலாவின் வடக்கே பெத்தேன் காட்டில், கார்மெலிதா கிராமத்திலிருந்து எல் மிரடோர் இடிபாடுகளுக்கு முதுகுப்பையோடு நடப்பவர்களுக்குப் பிரமிடு பார்க்கும் அவசரம். வழியில் நிற்கும் சப்போட்டா மரங்களும் கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தவை. நாம் பழம் தின்னும் அதே சப்போட்டாதான். இங்கே அண்ணாந்து பார்க்க வைக்கும் காட்டு மரம். சொரசொரப்பான பட்டையில் வலமும் இடமுமாகச் சாய்ந்து மேலேறும் கீறல்கள். விரலால் தடவினால் விளிம்பு தடித்து, ஆறிய காயம்போல் தட்டுப்படும்.

சூயிங் கம்முக்குப் பால் எடுக்கும் சிக்லேரோக்களின் கைவேலை அது. மரத்தோடு இடுப்பைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, காலில் மாட்டிய முள்ளைப் பட்டையில் ஊன்றி ஏறுகிறார்கள். கையில் நீண்ட வெட்டுக்கத்தி. சளக், சளக்கென்று விழும் ஒவ்வொரு வெட்டும் முந்தைய வெட்டோடு போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் வெள்ளைப் பால் வழி தவறாமல் அடியில் கட்டிய பைக்கு இறங்கும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் பட்டுப்போகும். அந்த நூலளவு கைக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த பாலைக் கொப்பரையில் காய்ச்சி, தோள் கடுக்கக் கிண்டி, இறுகியதும் கட்டியாக வார்க்கிறார்கள். கீறிய மரத்தைச் சில ஆண்டுகள் ஆற விடுவதும் தொழிலில் சேர்த்திதான். இத்தனை கீறலுக்குப் பின்னும் மரங்கள் தழைத்து நிற்பதே அந்தக் கைப்பக்குவத்துக்குச் சான்று.