கேசவ தேவ மாளவியா: பற்றும் வரவும்

விடியுமுன்பே கோம்பையிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவை கம்பம் மெட்டுச் சாலையில் முனகிக்கொண்டே ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஜீப்பின் டாங்கியில் இருக்கும் டீசல் எங்கிருந்து வந்தது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும் பகுதி வெளிநாடுகளிலிருந்துதான் வருகிறது. ஆனால் உள்நாட்டில் கிடைக்கும் எண்ணெயில் பெரும் பங்கைப் பல ஆண்டுகளாகத் தந்து வந்திருப்பது அரபிக் கடல். மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு அடியில் உள்ள 'மும்பை ஹை' என்னும் எண்ணெய் வயலே அது. அங்கே எண்ணெய் எடுக்கும் வல்லமை நமக்கு வாய்த்ததற்குப் பெரிதும் காரணமானவர் என்று ஓர் அரசியல்வாதியின் பெயரைச் சொல்வார்கள். அவர் கேசவ தேவ மாளவியா.

'இந்திய எண்ணெய்த் தொழிலின் தந்தை' என்று அவரைப் புகழ்வது வழக்கம். புகழ் நியாயமானதே. ஆயினும் ஒருவருடைய பொதுவாழ்வை எடைபோடுவதென்றால் வரவுப் பக்கத்தை மட்டும் படித்தால் போதாது. பற்றுப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். இக்கட்டுரையில் அதைச் செய்து பார்ப்போம்.

எண்ணெய் படித்த அமைச்சர்

மாளவியா கான்பூர் ஹார்கோர்ட் பட்லர் தொழில்நுட்பக் கழகத்தில் எண்ணெய்த் தொழில்நுட்பம் பயின்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். பின்னர் உத்தரப் பிரதேசத்திலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நேருவின் அரசில் இயற்கை வளத் துறையைக் கவனித்தார். படித்த படிப்பும் வகித்த பதவியும் ஒன்றோடொன்று பொருந்துவது நம் நாட்டில் அரிது. அவருக்குப் பொருந்தியது.

அந்நாளில் இந்தியாவில் எண்ணெய் வாணிகம் பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் ஆகிய அந்நியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. அஸ்ஸாமுக்கு வெளியே நல்ல அளவில் எண்ணெய் கிடைக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு இல்லை. மாளவியா அதை ஏற்கவில்லை. 1955-ல் ஒரு குழுவுடன் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று வந்தார். சோவியத் வல்லுநர்களின் உதவியை நாடினார். 1956 ஆகஸ்டு 14 அன்று எண்ணெய், இயற்கை எரிவாயுக் கமிஷன் பிறந்தது. 1958-ல் குஜராத்தின் காம்பேயிலும், 1960-ல் அங்கலேசுவரத்திலும் எண்ணெய் கிடைத்தது. சந்தேகப்பட்டவர்களுக்கு விடை பூமியிலிருந்தே வந்தது எனலாம்.

கடலில் கால் ஊன்றிய மேடை

நிலத்தில் எண்ணெய் தேடுவதே கடினம். கடலில் எப்படித் தேடுவது? கப்பலிலிருந்து ஒலி அலைகளைக் கீழே செலுத்துவார்கள். கடலடிப் பாறை அடுக்குகளில் பட்டு அவை திரும்பி வரும். திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கொண்டு அடுக்குகளின் வடிவத்தை வரைவார்கள். கவிழ்த்த கிண்ணம் போல மேடாக எழும்பிய அடுக்கு இருந்தால், அதன் உச்சியில் எண்ணெய் தங்கியிருக்கக்கூடும். மும்பை ஹை அப்படிப்பட்ட ஒரு மேடுதான். அங்கே எண்ணெய் குளம்போல் தேங்கி நிற்கவில்லை. சுண்ணாம்புக்கல்லின் நுண்துளைகளில், பஞ்சில் ஊறிய நீர்போல் ஊறியிருக்கிறது.

இருக்கிறதா இல்லையா என்பதைத் துளையிட்டுத்தான் உறுதி செய்ய வேண்டும். அதற்காக ஜப்பானில் கட்டப்பட்ட துரப்பண மேடையே 'சாகர் சாம்ராட்'. கால்களை மேலே தூக்கிக்கொண்டு தெப்பம்போல் மிதந்து செல்லும். உரிய இடம் வந்ததும் கால்களைக் கடலடியில் ஊன்றி, தன் உடலை அலைக்கு மேலே உயர்த்திக்கொள்ளும். 1974 பிப்ரவரியில் அது எண்ணெயைக் கண்டது.

அப்போது பெட்ரோலிய அமைச்சர் டி.கே. பரூவா. அதே ஆண்டு அக்டோபரில்தான் மாளவியா அப்பொறுப்புக்கு வந்தார். ஆகவே கண்டுபிடித்த பெருமையை அவருக்கே முழுவதும் சூட்டுவது சரியன்று. ஆனால் கண்டுபிடித்த கமிஷன் அவர் வளர்த்த பிள்ளை. 1976 மே மாதத்தில், அவர் அமைச்சராக இருக்கும்போதே, கடலிலிருந்து எண்ணெய் வரத் தொடங்கியது. கண்டுபிடித்து இரண்டேகால் ஆண்டுகளில் உற்பத்தி என்பது எந்த நாட்டுக்கும் பெருமை தரக்கூடிய வேகம். வரவுப் பக்கம் இத்தனை கனமானது.

பற்றுப் பக்கம்

பற்றுப் பக்கத்தில் பலரும் எழுதுவது 1963-ஆம் ஆண்டைத்தான். அவர் சுரங்கம், எரிபொருள் துறை அமைச்சராக இருந்தபோது, ஒரு வேட்பாளரின் தேர்தல் செலவுக்காகச் சுரங்க முதலாளி ஒருவரிடம் பணம் பெறச் செய்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி எஸ்.கே. தாஸ் விசாரித்தார். மாளவியா பதவி விலகினார்.

அந்தப் பழைய கதையைக் கிளறுவது என் நோக்கமில்லை. அதில் உள்ள ஒரு முடிச்சை மட்டும் கவனியுங்கள். சுரங்கத் துறையை ஆள்பவர் சுரங்கம் நடத்துபவரிடம் உதவி கேட்கும் நிலைக்கு வந்துவிட்டால், நாளை அந்தச் சுரங்கத்தில் தவறு நடந்தால் தட்டிக் கேட்பவர் யார்?

இதே கேள்வி கடலிலும் எழுகிறது. எண்ணெய் தேடுபவர் அரசு நிறுவனம். அதை ஆள்வது பெட்ரோலிய அமைச்சகம். அந்த நிறுவனம் எவ்வளவு எண்ணெய் எடுத்தது என்று கணக்குக் கேட்பதும் அதே அமைச்சகம். மேடையில் வேலை செய்யும் மனிதரின் உயிருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பது யார்? 1974 முதல் 1977 வரை மாளவியா பதவியில் இருந்த காலத்தில் இதற்கென்று தனிக் காவல் அமைப்பு ஒன்றும் தோன்றவில்லை. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் 1986-ல்தான் வந்தது. அதுவும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே. கடல் எண்ணெய்ப் பணிகளுக்கான பாதுகாப்பு விதிகள் வெளியானது 2008-ல். உற்பத்தி தொடங்கி 32 ஆண்டுகள் கழித்து!

'அந்தக் காலத்தில் உலகில் எவருமே இதை நினைக்கவில்லையே' என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான வாதந்தான். ஆனால் நம் நாட்டிலேயே அதற்கு முன்மாதிரி இருந்தது. சுரங்கங்களைச் சோதிக்கும் துறை 1902-லேயே தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அதற்கு வலுவூட்டியது. அத்துறை தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. நிலக்கரி வெட்டும் துறை வேறு. வெட்டும் இடத்தைச் சோதிக்கும் துறை வேறு. சுரங்கத் துறையையே ஆண்ட மாளவியாவுக்கு இது தெரியாததன்று. நிலத்தில் தெரிந்த நீதியைக் கடலுக்குக் கொண்டுசெல்லவில்லை என்பதே என் குறை.

கடல் கற்பித்த பாடம்

1988 ஜூலை 6. வடகடலில் 'பைப்பர் ஆல்ஃபா' என்னும் பிரிட்டிஷ் மேடை. பழுதுபார்க்கக் கழற்றிய ஒரு பாதுகாப்பு வால்வு திரும்ப மாட்டப்படவில்லை. இரவு முறைக்கு வந்தவர்களுக்கு அது தெரியவில்லை, பம்பை ஓடவிட்டார்கள். எரிவாயு கசிந்து தீப்பற்றியது. 167 பேர் மாண்டனர். விசாரித்த கல்லன் பிரபு, எண்ணெய் எடுப்பதை ஊக்குவிக்கும் துறையிடமிருந்து பாதுகாப்புப் பொறுப்பைப் பிரித்து வேறு அமைப்பிடம் தர வேண்டும் என்றார். பிரிட்டன் அவ்வாறே செய்தது.

2005 ஜூலை 27. நம்முடைய மும்பை ஹை. கப்பலில் காயமுற்ற ஒருவரைச் சிகிச்சைக்காக மேடைக்கு மாற்ற வேண்டியிருந்தது. கொந்தளித்த கடலில் 'சமுத்திர சுரக்ஷா' என்ற அந்தக் கப்பல் கட்டுப்பாடு இழந்து மேடையில் மோதியது. கடலடியிலிருந்து எண்ணெயையும் வாயுவையும் மேலே கொண்டுவரும் செங்குத்துக் குழாய் உடைந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மேடை முழுவதும் எரிந்து போயிற்று. 22 உயிர்கள் பலியாயின. கப்பல் வந்து அணையும் பக்கத்தில் இத்தகைய குழாய் தகுந்த கவசமின்றி இருக்கலாமா என்பதை விபத்துக்கு முன்பே கேட்க வேண்டியவர் ஒருவர் வேண்டும் அல்லவா? உற்பத்திக் கணக்கைப் பற்றிய கவலை இல்லாத ஒருவரால்தான் அதை உரக்கக் கேட்க முடியும்.

இன்னொரு வாழ்க்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கனடாவில் டேவிட் வெல்ஸ் என்பவர் 2013-ல் செனட் உறுப்பினரானார். அதற்கு முன் அவர் நியூஃபவுண்ட்லாந்துக் கடல் எண்ணெய்ப் பணிகளைக் கண்காணிக்கும் வாரியத்தின் துணைத் தலைமை நிர்வாகி. 1982-ல் அந்தக் கடலில்தான் 'ஓஷன் ரேஞ்சர்' மேடை புயலில் மூழ்கி 84 பேர் இறந்தனர். மாளவியா சட்டசபையிலிருந்து கடலுக்குச் சென்றவர் என்றால், வெல்ஸ் கடற்காவலிலிருந்து சட்டசபைக்குச் சென்றவர். மேடையின் ஓட்டை உடைசல்களை அறிந்த ஒருவர் சட்டம் செய்யும் இடத்தில் அமர்வது நன்மையே. எனினும் தனிமனிதரின் அறிவு மட்டும் போதாது. அந்த வாரியமே எண்ணெய் வளத்தையும் நிர்வகித்தது, பாதுகாப்பையும் பார்த்தது. 2009-ல் எண்ணெய்த் தொழிலாளரை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து 17 பேர் இறந்தபின் நடந்த விசாரணை, பாதுகாப்புக்குத் தனி அமைப்பு வேண்டும் என்றே பரிந்துரைத்தது. மனிதர் மாறுவர், அமைப்பு நிற்கும்.

நமக்கும் இதற்கும் என்ன?

கம்பம் பள்ளத்தாக்கு வாசகருக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். முல்லைப் பெரியாறு அணையை நினைத்துப் பாருங்கள். அணையை இயக்குவது தமிழகம். 'அணை பலமாக இருக்கிறது' என்று நாம் எத்தனை முறை சொன்னாலும், அக்கரையில் இருப்பவர் நம்பவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு சோதித்து, அணை பாதுகாப்பானது என்று 2012-ல் சொன்னபோதுதான் நம் வார்த்தைக்கு எடை கூடியது. 2014-ல் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்ற தீர்ப்பும், அத்துடன் மேற்பார்வைக் குழுவும் வந்தன. பிறர் வந்து சோதிப்பது நமக்கு இழுக்கு என்று அன்று நாம் எண்ணியிருந்தால் இழப்பு நமக்கே. நேர்மையாக வேலை செய்பவனுக்குச் சோதனை என்பது சாட்சி.

இதே பாடம் விரைவில் மறுபடியும் தேவைப்படும். கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். இனி அவை கடலிலும் எழப்போகின்றன. 2015-ல் அதற்கான தேசியக் கொள்கை வந்தது. 2024-ல் தமிழகக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் அமைக்க உதவும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எவ்வளவு மின்சாரம், யூனிட் என்ன விலை என்றெல்லாம் கேட்போம். அவற்றோடு, அங்கே வேலைக்குப் போகிறவரின் பாதுகாப்பையும், மீன்பிடிப்பவரின் வழியையும் சோதிக்கப் போகிறவர் யார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதையும் முதல் நாளே கேட்போம்.

மாளவியா 1981-ல் மறைந்தார். டேராடூனில் உள்ள பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது; பொருத்தமான நினைவுச் சின்னம். தேடுவதற்கு ஒரு நிறுவனத்தைத் தந்த அவர், காப்பதற்கும் ஒன்றைத் தந்திருந்தால் அவர் கணக்கில் பற்று என்று எழுத அதிகம் இருந்திருக்காது. அவர் எழுதாமல் விட்ட வரியை எழுதுவது, இன்று வகுப்பறையில் அமர்ந்து இதைப் படிக்கும் உங்கள் தலைமுறையின் வேலை.