எழுத்துத் தெய்வங்கள் எதைக் காத்தன?

உலகின் பழைய நாகரிகங்கள் பலவும் எழுத்தை ஒரு தெய்வத்தின் பொறுப்பில் விட்டிருக்கின்றன. சுமேரியருக்கு நிசபா, பாபிலோனியருக்கு நாபு, எகிப்தியருக்குத் தோத், சீனருக்கு வென்சாங், நமக்குக் கலைமகள். இந்தப் பெயர்களை அடுக்கி, மனிதர் எழுத்தை எவ்வளவு மதித்தார்கள் என்று வியந்து முடிப்பதே இந்தப் பொருளில் எழுதுவோரின் வழக்கம். மதிப்பு உண்மைதான். அந்த மதிப்பு எழுத்துக்கு என்ன செய்தது என்பதையும் கேட்டாக வேண்டும். சான்றுகளைப் பார்க்கையில் எனக்குத் தெரிவது இது: தெய்வக் காவல் எழுதுபவரை நேர்மைக்குக் கட்டுப்படுத்தியது, எழுதப்பட்ட பொருளுக்குப் புனிதம் தந்தது, ஆனால் வாசிக்க விரும்பியவரைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்தியது. படியெடுப்பதோடும் பொருளறிவதோடும் வழிபாடு சேர்ந்த இடங்களில்தான் எழுத்து அதனால் பிழைத்தது.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும், அது சிறியதல்ல. தென் ஈராக்கின் உருக் நகரில் கிடைத்த, ஏறக்குறைய கி.மு. 3300ஐ ஒட்டிய களிமண் பலகைகள் உலகின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அடங்கும். அவற்றில் பெரும்பாலானவை தானியம், பீர், ஆடுமாடு பற்றிய கணக்குகள். நிசபாவும் தொடக்கத்தில் தானியத்தின் தெய்வமே. களஞ்சியத்தின் மேல் நின்றவள் களஞ்சியக் கணக்கின் மேலும் நின்றாள். பின்னாளில் எழுத்துப் பள்ளிகளின் இலக்கியப் பலகைகள் பல அவளைப் போற்றியே முடிந்தன. தன் பார்லியின் அளவு என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என உழவன் படித்துப் பார்க்க முடியாது. கணக்கரைத் தட்டிக்கேட்பதும் எளிதல்ல. இருவருக்கும் நடுவே ஏமாற்ற முடியாத ஒரு சாட்சி தேவைப்பட்டது. எகிப்தில் இறந்தவரின் இதயம் நிறுக்கப்படும்போது முடிவைக் குறித்துக்கொள்பவர் தோத். யமனின் அவையில் அந்த வேலை சித்திரகுப்தருக்கு. காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயிலே இருக்கிறது. எழுதத் தொடங்குமுன் மைக்கான நீரிலிருந்து ஒரு துளியைத் தோத்துக்கு வார்த்த எகிப்திய எழுத்தருக்கு, தம் கணக்கையும் எழுத ஒருவர் உண்டு என்ற நினைப்பு வந்திருக்கக்கூடும். எளியவருக்கு வேறு காவல் அரிதாக இருந்த காலத்தில் இந்த அச்சத்துக்கு ஓர் அறமதிப்பு உண்டு.

ஆனால் சாட்சியாக வந்த தெய்வம் விரைவிலேயே ஒரு தொழிற்குழுவின் குலதெய்வமானது. கேத்தி என்பவர் தம் மகனுக்குச் சொன்னதாக அமைந்த எகிப்திய அறிவுரை நூல், குயவரையும் நாவிதரையும் வண்ணாரையும் இழிவாக வரைந்துவிட்டு, எழுத்தர் தொழிலுக்கு இணையில்லை என்கிறது. பழைய எகிப்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்திருப்பர் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. இதற்குத் தெய்வம் என்ன செய்யும், நூற்றுக்கணக்கான குறிகள் கொண்ட எழுத்துமுறையின் கடினம்தானே காரணம் என்று கேட்கலாம். பாதி சரி. மனிதன் செய்த கருவி கடினமாக இருந்தால் அதைத் திருத்த யாருக்கும் உரிமை உண்டு. தெய்வம் தந்ததென்று ஆனபின் அதன் கடினமே அதன் பெருமையாகிவிடுகிறது. எகிப்தின் படவெழுத்து கடைசியில் கோயிலுக்குள் ஒடுங்கியது. காலம் குறிக்கப்பட்ட அதன் கடைசிக் கல்வெட்டு கி.பி. 394இல் ஃபிலே கோயிலில் பொறிக்கப்பட்டது. கோயில்கள் மூடப்பட்டதும் அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் அற்றுப்போனார்கள். 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் பூட்டைத் திறக்கும்வரை ஏறக்குறைய பதினான்கு நூற்றாண்டுகள் அது ஊமையாகவே கிடந்தது. மக்கள் பேசிய எகிப்திய மொழியோ கிரேக்க எழுத்துகளைக் கடன் வாங்கிக் கோப்திக்காகப் பிழைத்துக்கொண்டது.

பெண்களின் நிலையைப் பார்த்தால் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். நிசபா பெண். அரசரின் ஆண்டுகளைக் கணக்கிட்டு எழுதும் எகிப்தின் செஷத் பெண். கலைமகளும் பெண். பாபிலோனியாவின் சிப்பார் நகரில் சமயத் துறவு பூண்ட பெண்களிடையே பெண் எழுத்தர்கள் இருந்தது உண்மை. ஆனால் அது விதிவிலக்கு. நிசபாவின் இடத்தையே காலப்போக்கில் நாபு என்ற ஆண் தெய்வம் எடுத்துக்கொண்டது. கலைமகளுக்கு ஆண்டுதோறும் பூசை நடந்த இந்தியாவில், 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1848இல் புனேயில் பெண்குழந்தைகளுக்குப் பாடம் நடத்தப் போன சாவித்திரிபாய் புலே மீது சாணமும் கல்லும் வீசப்பட்டன. தேவி தடுக்கவில்லை, சமூகம்தான் தடுத்தது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தெய்வமும் யாருடைய பலகையையும் பிடுங்கவில்லை. ஆயினும் வீட்டுக்குள் கல்வியை ஒரு பெண்ணுருவாக வணங்கியவர்களுக்கு, அதே வீட்டுப் பெண்ணின் கல்வியின்மை முரணாகப் படவில்லையே. இல்லாத கல்வி இருப்பதுபோன்ற நிறைவை அந்த வழிபாடு தந்துவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு.

எழுதப்பட்ட பொருளையாவது தெய்வம் காத்ததா? அசீரிய மன்னர் அசூர்பனிபால் நினிவேயில் சேர்த்த நூலகப் பலகைகளின் முடிவுக் குறிப்புகளில், நாபு தந்த அறிவைப் பற்றிய பெருமிதமும், பலகையைக் கவர்பவர் மேல் சாபமும் உண்டு. கி.மு. 612இல் நகரம் எரிந்தது. சாபங்கள் அதைத் தடுக்கவில்லை. பகைவர் வைத்த தீயில் வெந்து இறுகியதால்தான் பல பலகைகள் நமக்கு மிஞ்சின. சீனத்தில் எழுத்துள்ள தாளை மிதிக்கலாகாது என்று கருதினார்கள். பொறுக்கிச் சேர்த்து அதற்கென்றே கட்டிய உலையில் எரித்தார்கள். படிக்கத் தெரியாதவரும் எழுத்தின் பெருமையில் பங்கு கொண்ட இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பரிவு உண்டு. ஆனாலும் எழுத்தில்லாதவருக்கு அது கொடுத்தது தாளைப் பொறுக்கும் புண்ணியத்தை மட்டுமே.

அப்படியானால் தெய்வமே இல்லாத எழுத்து நன்றாக வாழ்ந்ததா? என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று கொரியாவில் இருக்கிறது. 1446இல் மன்னர் செஜோங் 28 எழுத்துகளை அறிவித்தார். சீன எழுத்தறியாத எளிய மக்கள் தம் கருத்தைச் சொல்ல வழியில்லாததே காரணம் என்று முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதினார். மனிதர் மனிதருக்காகச் செய்த எழுத்து அது. கற்பதற்கு எளிது, பெண்களிடமும் எளியவரிடமும் பரவியது. ஆனால் சோ மன்லி முதலான அறிஞர்கள் 1444இலேயே எதிர்த்தார்கள். அரசு ஆவணங்களில் அதற்கு உரிய இடம் கிடைக்க 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புனிதம் இல்லாத எழுத்தை மேல்தட்டினர் நாலரை நூற்றாண்டுகள் தாழ்வாகவே நடத்தினார்கள். ஆகவே வழிபாட்டை நீக்கிவிட்டால் போதும் என்ற முடிவுக்கு என்னால் வர இயலவில்லை. மதிப்பு எங்கிருந்தாவது வர வேண்டும். அது ஏட்டோடு நின்றுவிடுகிறதா, வாசிப்பவர் வரை போய்ச் சேருகிறதா என்பதுதான் வேறுபாடு.

அப்படிச் சேர்ந்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு சமணரிடம் இருக்கிறது. காலம் தெரிந்த மிகப் பழைய சரசுவதிச் சிலை, கி.பி. 132ஐச் சேர்ந்த மதுராவின் சமணச் சிலை. கையில் சுவடி ஏந்தியது. அதைச் செய்வித்தவர் ஓர் உலோகத் தொழிலாளி. ஞான பஞ்சமி நாளில் சமணர்கள் சுவடிகளை வெளியே எடுத்துத் தூசு தட்டி வணங்குகிறார்கள். நூல்களைப் படியெடுத்துத் தானம் செய்வது அவர்களுக்குப் புண்ணியம். இங்கே வழிபாடே பராமரிப்பாகவும் பெருக்கமாகவும் ஆகிவிடுகிறது. அவர்களது சுவடிச் சாலைகளான பண்டாரங்களும் வெளியாருக்கு எளிதில் திறந்துவிடவில்லை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. பொருளறிவதோடு வழிபாடு சேர்வதை ஒரு கதை காட்டுகிறது. மகாபாரதத்தை வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய அந்தக் கதை, பண்டார்க்கர் நிறுவனத்தின் பாரதச் செம்பதிப்பில் மூலத்தில் இடம்பெறவில்லை, பிற்சேர்க்கையாகவே கருதப்பட்டது. ஆனாலும் அதில் வியாசர் இடும் நிபந்தனை, பொருள் விளங்காமல் எழுதக்கூடாது என்பது, எழுத்துத் தெய்வத்தைப் பற்றி நான் அறிந்த கதைகளில் மிக உயர்ந்தது. அங்கே தெய்வமே முதல் வாசகர்.

மதிப்பு ஏட்டோடு நிற்பது, வாசிப்பவர் வரை சேர்வது என்ற இந்த இரு போக்குகளும் ஒரே சமயத்துக்குள், ஒரே மனிதரின் வாழ்க்கைப் பதிவில் எதிரெதிரே நிற்கின்றன. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலின் பழைய சுவடிகள், சாத்திர விதி என்று நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டதை உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் வேதனையோடு எழுதுகிறார். எரித்தவர்கள் ஏட்டை அவமதிக்கவில்லை. தமக்குத் தெரிந்த மிக உயர்ந்த மரியாதையையே செய்தார்கள். அவர்களைப் போலவே பக்தியுள்ள சைவச் சூழலில் வளர்ந்தவர்தான் சாமிநாதையரும். அவர் சீவக சிந்தாமணி என்ற சமணக் காப்பியத்தின் ஏடுகளைத் தேடித் திரட்டி, பாடங்களை ஒப்பிட்டு, விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பொருள் கேட்டறிந்து, 1887இல் அச்சிட்டு எல்லோரும் வாங்கிப் படிக்கும்படி செய்தார்.