பலவீனத்தின்மேல் தங்கும் வல்லமை: 2 கொரிந்தியர் 12:7-10 ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

கிறித்தவ மறையுரைகளில் மிகுதியாக எடுத்தாளப்படும் பகுதிகளுள் ஒன்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரம். கடவுள் மனிதரின் பலவீனத்தைப் பலமாக மாற்றுவார் என்பதே அதற்கு வழக்கமாகக் கூறப்படும் பொருள். மூலத்தின் சொல்லமைப்பு அப்பொருளுக்கு இடந்தரவில்லை என்பதையும், அவ்வாசிப்பால் விளையும் அறச்சிக்கலையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தற்புகழ்ச்சியின் தலைகீழாக்கம்

ஏறத்தாழ கி.பி. 55-56இல் எழுதப்பட்ட இந்நிருபத்தின் 10 முதல் 13 வரையிலான அதிகாரங்கள், நாவன்மையும் தோற்றப் பொலிவும் கொண்டு அப்போஸ்தலரை மதிப்பிட்ட கொரிந்து சபையாருக்கு மறுமொழியாக அமைந்தவை. பவுல் அறிவிலியின் குரலை ஏற்றுத் தம்மைப் புகழத் தொடங்குகிறார்; ஆனால் அவர் பட்டியலிடுவனவோ அடிகள், கப்பற்சேதங்கள், பசி, உறக்கமின்மை ஆகியன. 11ஆம் அதிகாரத்தின் இறுதியில், தமஸ்குவின் மதிலிலிருந்து கூடையில் இறக்கிவிடப்பட்டுத் தப்பிய நிகழ்ச்சியை வைக்கிறார். பகைவரின் மதில்மீது முதலில் ஏறிய வீரனுக்கு முடி சூட்டுவது ரோமானியப் படைமரபு. வரலாற்றறிஞர் எட்வின் ஜட்ஜ் சுட்டியதுபோல, அம்மரபை அறிந்தோர்க்கு மதிலிலிருந்து இறங்கியவரின் இக்கூற்று, தற்புகழ்ச்சியையே எள்ளுவதாகும். அடுத்து விண்ணுலகக் காட்சியைக் கூறும்போதும் பவுல் தம்மைப் படர்க்கையில் வைத்து, அங்குக் கேட்டவற்றை வெளியிடாது விடுகிறார். அப்பகுதியில் அவர் வெளிப்படையாகத் தரும் இறைவாக்கு ஒன்றே. அதுவும் உடலில் தைத்த 'முள்' நீங்குமாறு மும்முறை வேண்டியதற்குக் கிடைத்த மறுப்பு.

மூலமும் மொழிபெயர்ப்பும்

அம்மறுப்பை அறிமுகப்படுத்தும் கிரேக்க வினை 'எய்ரேக்கென்'. இந்நிறைவுக்கால வடிவம், சொல்லப்பட்டது இன்றும் நிலைத்து நிற்கிறது என்னும் குறிப்புடையது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் 'என்றார்' இக்குறிப்பைத் தரவில்லை. 'சொல்லியிருக்கிறார்' என்பது மூலத்திற்கு நெருங்கி வரும். அடுத்து, வல்லமை வந்து தங்குவதைக் கூறும் 'எபிஸ்கேனோசே' என்னும் வினை, கூடாரத்தைக் குறிக்கும் 'ஸ்கேனே' என்னும் பெயரடியாகப் பிறந்தது. தமிழில் அது 'தங்கும்படி' என்று மட்டும் அமைவதால் உருவகம் மறைகிறது. பாலைவனப் பயணத்தில் கூடாரத்தை நிரப்பிய இறைமாட்சியை அச்சொல் நினைவூட்டக்கூடும். கொரிந்தில் ஆக்கில்லாவுடன் கூடாரத் தொழில் செய்தவர் பவுல் என்பதும் (அப்போஸ்தலர் 18:3) கருதத்தக்கது.

கூடாரம் அமைந்தபின்னும் அதன்கீழுள்ள நிலம் நிலமாகவே இருக்கிறது. அவ்வாறே பலவீனம் பலவீனமாக நீடிக்க, வல்லமை அதன்மேல் தங்குகிறது. பலவீனனாக இருக்கும்போதே பலமுள்ளவன் என்னும் பொருள்பட அமைந்த 10ஆம் வசனம் மாற்றத்தைக் கூறுவதாகத் தோன்றலாம். எனினும் அங்கு இரு நிலைகளும் ஒரே காலத்தன. ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றுவதில்லை. முள் நீங்கியதாக நிருபம் எங்கும் கூறவுமில்லை.

வாசிப்பின் அறம்

பலவீனம் பலமாக மாறியே தீரும் என்னும் வாசிப்பு, நோய் நீங்காதவரை விசுவாசக் குறைவுடையவராக்குகிறது. இதற்கு எதிர்முனையில், துன்புறுவோரைப் பொறுத்துக்கொள்ளப் பணிக்கும் வாசிப்பும் உண்டு. மூலம் இவ்விரண்டையும் மறுக்கிறது. விடுதலை வேண்டி மும்முறை மன்றாடியதற்காகப் பவுல் கண்டிக்கப்படவில்லை. பலவீனத்தில் மேன்மைபாராட்டும்போது அவர் தம் பலவீனத்தையே பேசுகிறார். பிறர் பலவீனத்தைக் கூறுமிடத்தில் (11:29) அதில் தாமும் பங்கேற்கிறார். அடிமைப்படுத்துவோரையும் முகத்தில் அறைவோரையும் சபையார் சகித்துக்கொள்வதை 11:20இல் அங்கதமாகக் கடிந்துகொள்கிறார். தன்மை இடத்தில் சொல்லப்பட்ட ஒரு சான்று முன்னிலை ஏவலாக மாற்றப்படும்போது, ஆறுதல் அதிகாரமாகிவிடுகிறது.

முடிவுரை

பலவீனம் நீங்கும் என்ற உறுதியை இப்பகுதி தரவில்லை. அதனிடையே இறைவன் உடனுறைவார் என்ற உறுதியையே தருகிறது. 'தங்குதல்' என்னும் சொல்லின் கூடார உருவகத்தை மீட்டெடுக்கும் மொழிபெயர்ப்பு, மேற்கூறிய இரு பிழைவாசிப்புகளையும் தவிர்க்கத் துணைபுரியும்.