அடுப்பணைந்த நேரத்து ஆட்டங்கள்

ஒவ்வொரு ஏப்ரலிலும் இலங்கையின் சிங்கள வீடுகளில் ஒரு பொழுதுக்கு அடுப்பை அணைத்துச் சாம்பலை அள்ளித் துடைத்துவிடுவார்கள். சூரியன் மீன ராசியை விட்டு மேட ராசிக்குள் புகும் இடைக்காலம் அது. நொனகத என்று பெயர். சோதிடக் கணக்கில் 12 மணி 48 நிமிடம். அது தொடங்கிய பிறகு, புத்தாண்டின் சுபநேரம் பார்த்து அடுப்பு மூட்டும்வரை சமையல் இல்லை, வேலை இல்லை, பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமும் இல்லை. விகாரைக்குப் போகலாம், விளையாடலாம். அந்த நேரத்துக்கென்றே குழிகள் கொண்ட ஒலிந்தப் பலகையை ஆட வெளியே எடுப்பார்கள். பாட்டி தரையில் உட்காருவாள், அம்மா உட்காருவாள், அத்தைமார் வந்து சேருவார்கள். எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரையான பிள்ளைகள் அவர்களுக்கு நடுவில் புகுந்துகொள்வார்கள்.

இந்த வயதைத்தான் நான் மனதில் வைத்து எழுதுகிறேன். இதற்கும் சின்னப் பிள்ளைகளுக்குக் காய் உருளுவதே போதும், வெற்றியும் தோல்வியும் ஒன்றுதான். பதின்மூன்று வயதானால் வீட்டாருடன் உட்கார வெட்கம் வந்துவிடும். இடைப்பட்ட மூன்று நான்கு ஆண்டுகளில்தான் ஒரு பிள்ளை காயைத் தொடாமலே அடுத்த நகர்வை மனதில் எண்ணிப் பார்க்கிறது, விதியைக் கேட்டு வாங்குகிறது, விதிக்காகச் சண்டை பிடிக்கிறது, தோற்றால் அழாமல் இருக்கப் பழகுகிறது. வீட்டுக்குள் கூடி ஆடும் ஆட்டங்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறும் வயது இதுதான். கற்றுக்கொடுக்கப் பெரியவர் ஒருவர் கைவேலை இல்லாமல் பக்கத்தில் இருக்க வேண்டும். இலங்கையையும் தமிழ்நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆட்டங்களில் இருக்கும் வேறுபாடு கொஞ்சம்தான். பெரியவர்களின் கை எப்போது ஓய்கிறது என்பதில் இருக்கும் வேறுபாடு மிகப் பெரியது.

ஒலிந்த கெலிய ஆடும் பலகையில் ஏழேழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழிகள். குழிக்கு நான்கு வீதம் 56 விதைகள். விதை, நம் குன்றிமணி. பிரிட்டிஷ் ஆட்சியில் நீர்ப்பாசனப் பொறியாளராக இலங்கையில் வேலை பார்த்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட தம் நூலில் இந்த ஆட்டத்தின் வகைகளையும் விதிகளையும் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டுப் பல்லாங்குழிக்கும் அதே 14 குழிதான். காய் மட்டும் கைக்குக் கிடைத்தபடி: புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி. குழிக்குச் சில ஊர்களில் ஐந்து, சில ஊர்களில் ஆறு.

பல்லாங்குழியின் விதி கேட்க எளியது, ஆடும்போது வழுக்கும். தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கப்பால் உள்ள குழியின் காய்களை எடுத்துக்கொள்ளலாம். சேர்ந்தாற்போல் இரண்டு குழி காலி என்றால் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும். நடுவில் எந்தக் குழியிலாவது நான்கு காய் சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். எதிராளியின் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் குழிகளில் எங்கே மூன்று நிற்கிறது, எங்கே நான்காவது விழப்போகிறது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். “பசு வந்துருச்சு பாரு, எடுத்துக்க ஆத்தா” என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுக்கிற அப்பத்தா, தான் தோற்பதற்கு வழி சொல்லிக்கொடுக்கிறாள். அந்தப் பெருந்தன்மைக்காகவே எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் தீராத பிரியம்.

பல்லாங்குழி பழகிய பிள்ளை ஒலிந்தப் பலகையைப் பார்த்தால் முதல் கணமே திகைத்துப் போகும். எல்லாக் குழியிலும் நான்கு! ஆட்டம் தொடங்கும் முன்பே பதினான்கு பசு! கடலின் ஒரு கரையில் ஆட்டத்தின் தொடக்கமாக இருக்கிற எண், மறுகரையில் அறுவடையாக இருக்கிறது. இரண்டும் தெரிந்த பிள்ளைகள் சேர்ந்தால் முதலில் விதியைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தப் பேச்சே பாதி விளையாட்டு.

இனி நேரத்தின் கதைக்கு வருகிறேன். இலங்கையில் ஒலிந்த கெலியவுக்கும், சிரட்டையில் சோழிகளைக் குலுக்கிக் கொட்டி இரண்டு கட்சியாக ஆடும் பஞ்ச கெலியவுக்கும் நாள் குறித்திருக்கிறது. அரச பாடசாலைகளில் ஏப்ரல் விடுமுறை வரும், புத்தாண்டு அதற்குள் வந்து விழும். பிள்ளை வீட்டில், பெரியவர் வீட்டில், அடுப்பு அணைந்திருக்கிறது. மூன்றும் ஒரே பொழுதில் கூடுகின்றன.

தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாள் ஒரே ஒரு நாள் விடுமுறை, அதுவும் முழு ஆண்டுத் தேர்வுக் காலத்தில். அன்று அடுப்பு அணைவதும் இல்லை. மாங்காய்ப் பச்சடியும் வடை பாயசமுமாக, மற்ற நாளைவிட அதிகமாகவே எரியும். பெண்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாளில் பல்லாங்குழியை யார் எடுப்பார்கள்? அங்கே இந்த ஆட்டங்கள் வாழ்ந்த இடங்கள் வேறு. முதலாவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வெயில் நேரம். கூட்டுக் குடும்பத்தில் நான்கு பெண்கள் வேலையைப் பகிர்ந்துகொண்ட காலத்தில் அந்த நேரம் நிஜமாகவே ஓய்வு நேரமாக இருந்தது. இரண்டாவது, ஒதுக்கி வைத்த நாட்கள். வயதுக்கு வந்த பெண்ணைத் தனி அறையில் உட்கார வைத்த வழக்கத்தில், அவளுக்குத் துணையாக உள்ளே போனது பல்லாங்குழி. கர்ப்பிணிகளுக்கும் அதுவே பொழுதுபோக்கு. தாய்வீட்டுச் சீரில் பித்தளையிலோ மரத்திலோ மடக்குப் பல்லாங்குழி வைத்தனுப்பிய குடும்பங்கள் உண்டு.

தனியே ஆடும் வகை ஒன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது, சீதைப் பாண்டி. அசோகவனத்தில் சிறையிருந்த சீதை ஆடியது என்பது வழிவழியாக வரும் பேச்சு. இலங்கையில் கூட்டமாக ஆடும் ஆட்டத்துக்கு, இலங்கையில் தனித்திருந்தவளின் பெயரால் இந்தியாவில் ஒரு தனி ஆட்டம். கூட ஆட ஆளில்லாதவர்கள் அந்தக் கூட்டுக் குடும்பங்களிலும் இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது இடம் கண்விழிக்கும் இரவுகள். இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வைகுண்ட ஏகாதசி இரவில் தூங்கக் கூடாது, சாப்பாடும் கிடையாது. சமைக்க வேண்டாம் என்பதால் அன்றைக்கு மட்டும் தமிழ்நாட்டு அடுப்பும் ஓய்கிறது. பரமபத சோபான படத்தைத் தரையில் விரித்து, தாயக்கட்டையை உருட்டி, எத்தனை பேர் வேண்டுமானாலும் சுற்றி உட்காரலாம். ஏணி ஏறுவது புண்ணியம், பாம்பு கடித்து இறங்குவது பாவம், உச்சியில் பெருமாள். விடிய விடிய ஏறி இறங்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ‘நீயும் முழித்திரு’ என்று முதன்முதலாக அனுமதி கிடைக்கிற இரவு அது. இந்த ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போய்ப் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தபோது, படிகளின் பெயர்கள் எல்லாம் போய் வெறும் எண்கள் ஆகிவிட்டன.

தாயமும் அப்படிப்பட்ட இரவுகளின் ஆட்டம்தான். நான்கு பக்கமுள்ள இரண்டு பித்தளைக் கட்டைகள். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் உள்ளே போகும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். மலை என்ற காப்புக் கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாது. சுற்றி முடித்தால் பழம். பத்து வயதுப் பிள்ளைகள் ஆறு பேரை வைத்துக்கொண்டு ஒரு மழை நாளைக் கடத்த வேண்டுமென்றால் நான் முதலில் சொல்வது தாயம்தான். ஒருவர் உருட்ட, ஒருவர் நகர்த்த, ஒருவர் எதிர்க் காய்களைக் கவனிக்க என்று மூவர் மூவராகக் கட்சி கட்டினால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். முழுக்க மூளையால் வெல்வதும் இல்லை, முழுக்க அதிர்ஷ்டத்தால் வெல்வதும் இல்லை. அதனால் எட்டு வயதுத் தங்கை பதினொரு வயது அண்ணனை வெல்ல முடியும்.

இந்த இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் நிற்பவர்கள் இலங்கைத் தமிழர்கள். அவர்களுக்கும் ஏப்ரலில் விஷு புண்ணியகாலம் உண்டு, மருத்துநீர் வைத்துத் தோய்வார்கள். ஆனால் வருடப்பிறப்பன்று முற்றத்தில் பொங்கல் பொங்கும், அடுப்புக்கு ஓய்வில்லை. வடக்கில் அந்த நாளின் ஆட்டமும் வெளியில்தான், ஆண்கள் போர்த்தேங்காய் அடிப்பார்கள். வீட்டுக்குள் தாயம் உருட்டுவது சிவராத்திரி முழிப்புக்கு. அதோடு 304 என்ற சீட்டாட்டம். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 என்று ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கும் சேர்த்து 304. நான்கு பேர் எதிரும் புதிருமாக இரண்டு கட்சியாய் இருந்து, துரும்பு வைத்து ஆடுவது. கேரளத்தில் இதற்கு நெருங்கிய உறவான 28இல் ஜாக் 3, ஒன்பது 2, ஆஸும் பத்தும் ஒவ்வொன்று. தமிழ்நாட்டில் பல வீடுகளில் சீட்டு என்றாலே காசு வைத்து ஆடுவது என்ற பயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 304 பெரும்பாலும் மானத்துக்காக ஆடுவது. மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே பத்து வயதில் பெடியள் கணக்குப் பிடித்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் கை ஓய்ந்த நேரம் இன்னொரு விதமாகவும் வந்தது. 1990க்குப் பிறகு போரினால் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்து எரித்த சின்ன வெளிச்சத்தைச் சுற்றிக் குடும்பமே இருந்தது. வெளியே போக முடியாது, தொலைக்காட்சி கிடையாது. அந்த வெளிச்சத்தில் தாயமும் கரமும் 304உம் ஆடி வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. “அம்மம்மா, நீங்கள் களவாய் நகர்த்திறீங்கள்!” என்று அந்த இருட்டில் சிரித்தவர்கள் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் தங்கள் பிள்ளைகளுக்கு அதே ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தை யாரும் விரும்பிக் கேட்டதில்லை, இன்னொரு முறை வரவும் வேண்டாம். ஆனாலும் அந்த ஆட்டங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது அதுதான் என்பதை மறைக்க முடியாது.

கரம் பலகையைப் பற்றி இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், அது பெரியவர் துணை தேடாமல் தன் வழியில் போய்விட்டது. வடசென்னைத் தெருக்களிலிருந்து உலகச் சாம்பியன்கள் வருகிறார்கள். சென்னையின் மரிய இருதயம் 1995இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியிலேயே பட்டம் வென்றார். 2012இல் அதே கொழும்பில் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ வென்றார். வீட்டில் மட்டும் அது அண்ணன்மாரின் ஆட்டம். சின்னவர்கள் விழுந்த காயைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு முறைக்குக் காத்திருப்பார்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். நாள் குறித்த வழக்கம் ஆட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒலிந்த என்ற பேரைக் கேட்டிராத சிங்களப் பிள்ளை அநேகமாக இருக்காது. ஆனால் அந்தக் காவலுக்கு ஒரு விலை உண்டு. அலுவலகங்களும் நிறுவனங்களும் நடத்தும் புத்தாண்டு விழாக்களில் ஒலிந்தப் பலகை ஓலைக் குடிலுக்குள் காட்சிப் பொருளாக உட்கார்ந்திருக்கிறது. பாவாடை சட்டை போட்ட சிறுமி அதன் முன்னால் படத்துக்கு இருக்கிறாள், பிறகு எல்லாரும் கயிறிழுக்கவும் யானைப் படத்துக்குக் கண் வைக்கவும் போய்விடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பொழுது மட்டும் தொட்டால் விதி கையில் நிற்காது. தமிழ்நாட்டில் நாள் இல்லாததால் வீட்டுப் பழக்கம் வேகமாக அறுந்தது. ஆனால் தேடிப் போகிறவர்கள் ஆண்டு முழுவதும் ஆடுகிறார்கள். 2002இல் சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா என்ற நிறுவனம், பல்லாங்குழியையும் தாயத்தையும் பரமபதத்தையும் மறுபடி செய்து கடைக்குக் கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்குகிற வீட்டுக்கு அது போய்ச் சேர்கிறது. புளியங்கொட்டையும் சுண்ணாம்புக் கட்டியும் போதும் என்றிருந்த வீடுகளில் அந்த அறிவு திரும்பி வந்ததாகத் தெரியவில்லை.

தேர்வும் குறுக்கே நிற்கிறது. இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதை அப்படியே விழுங்கிவிடுகிறது. நான்காம் தரத்திலேயே மாலையும் சனி ஞாயிறும் வகுப்புக்குப் போய்விடும். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அந்த வகையில் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடமிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் கைப்பேசி இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் பலகையைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. கைப்பேசியை முதலில் கீழே வைக்க வேண்டியவர் கூட உட்காரும் பெரியவர்.

நொனகதவின் சிறப்பு அதுதான், அது முதலில் கட்டுப்படுத்துவது பெரியவர்களை. வைகுண்ட ஏகாதசியும் அப்படியே. அப்படி ஒரு பொழுதைப் பள்ளியிலும் உண்டாக்கலாம். இரு நாட்டு வகுப்பறைகளிலும் தவணையின் கடைசி நாள் என்று ஒன்று வருகிறது. தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தும் வேலை ஆசிரியர்களுக்கு மட்டும் இருக்கும், பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த அரை நாளுக்கு நான்கைந்து பாட்டிமாரைப் பள்ளிக்கு அழைத்து, ஒவ்வொருவரைச் சுற்றியும் ஆறு பிள்ளைகளை உட்கார வைக்கலாம். கொழும்பிலும் கண்டியிலும் அவர்களில் ஒருவர் தமிழ் விதியையும் ஒருவர் சிங்கள விதியையும் சொல்லித்தரட்டும். பலகை இல்லாவிட்டால் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் 14 வட்டம் போட்டால் போதும். காய்க்குப் புளியங்கொட்டையையோ மஞ்சாடியையோ வையுங்கள். குன்றிமணி அழகுதான், ஆனால் கடித்து உடைத்து விழுங்கினால் உயிரைக் குடிக்கும் நஞ்சு அதற்குள் இருக்கிறது. தம்பி தங்கைகள் தவழுகிற வீட்டிலும் அது வேண்டாம்.